குளியலறைக் கதவில் ஒட்டிய தாள்

அம்பத்தூர் மேனாம்பேட்டில் நாங்கள் குடியிருக்கும் கீழ்வீட்டின் குளியலறையில், போன வருடம் மழைக்காலம் தொடங்கும் முன்பே தண்ணீர் இறங்காமல் நிற்க ஆரம்பித்தது. முதலில் பாதம் நனையும் அளவு. பிறகு கணுக்கால். அம்மா ஒரு செங்கல்லைப் போட்டு அதன்மேல் நின்று துணி அலசினாள். ஒருவர் குளித்து முடித்தால், அடுத்தவர் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும்.

அடைப்பு வந்தால் ஆசிட் ஊற்றுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். மூன்று சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு "ஆசிட்டு, பினாயிலு" என்று தெருவில் ஒருவர் வருவார். பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைக் கொடுத்தால் அதில் நிரப்பித் தருவார். அப்பா அதைத் தண்ணீர் இறங்கும் ஜல்லடைக்குள் கவிழ்த்துவிட்டுக் கதவைச் சாத்துவார். வீடே இருமும். நாங்கள் வாசலில் போய் நிற்போம்.

வேதியியல் படித்து முடித்து, பட்டாபிராம் பக்கம் ஒரு தொழிற்சாலையின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் நான் செய்த முதல் காரியம், அந்தப் பாட்டிலை வீட்டைவிட்டு அனுப்பியது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு ஏற்றுகிறவர். அம்மா வீட்டிலிருந்தபடியே ஏற்றுமதிச் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டுகிறவள். நான் சொன்னால் இருவரும் மறுபேச்சு பேசமாட்டார்கள். "பட்ச்ச பொண்ணு சொல்து, கேட்டுக்கோ" என்று அப்பா அம்மாவிடம் சொல்வார். அதைக் கேட்கும்போது எனக்கு உள்ளூர இனிக்கும். இல்லை என்று சொன்னால் பொய்.

அதனால் இந்த முறை வழியைத் தேர்ந்தெடுத்தவளும் நான்தான். கடையில் நின்று ஒவ்வொரு பொட்டலத்தின் பின்பக்கத்தையும் படித்தேன். வெள்ளைக் குருணையாக வரும் ஒன்றை எடுத்தேன். காஸ்டிக் சோடாதான் அது. நான் தினமும் கையாளுகிற பொருள். புகை வராது, இருமல் வராது, முடியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கரைத்துவிடும். கையுறை போட்டுக்கொண்டு போட வேண்டும், அரைமணி நேரம் விட வேண்டும், பிறகு நிறையப் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். வெந்நீர் மட்டும் கூடாது. பட்டால் கொதித்து மேலே சீறும். எல்லாம் எனக்குத் தெரியும். இதுதான் பாதுகாப்பான வழி என்று முந்தின நாளே வீட்டில் அறிவித்திருந்தேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. அப்பா விடியற்காலையிலேயே போய்விட்டார். அம்மா ரேஷன் கடை வரிசையில் இடம்பிடிக்கப் போயிருந்தாள். நான் நின்ற தண்ணீரை மக்கால் மொண்டு வெளியே ஊற்றிவிட்டு, ஜல்லடையைக் கழற்றிக் குருணையைக் கொட்டினேன். எட்டு மணி ரயிலுக்குப் பதினைந்து நிமிடம்தான் இருந்தது. அரைமணி நேரம் நின்று கழுவிவிட்டுப் போக நேரமில்லை. மாலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தடித்த மார்க்கரால் எழுதினேன்: "மருந்து போட்டிருக்கிறேன். உள்ளே தண்ணீர் ஊற்றாதே. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்." 'ஊற்றாதே' என்பதற்கு அடியில் இரண்டு கோடு இழுத்தேன். கதவில் நான்கு மூலையும் டேப் ஒட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

அன்று காலை பதினோரு மணி வாக்கில், பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டிலுக்கு லேபிள் எழுதிக்கொண்டிருந்தேன். அதுவும் காஸ்டிக் கரைசல்தான். கையில் இருந்ததும் அதே மாதிரி மார்க்கர். 'தொடாதே' என்று எழுதி அடியில் கோடு இழுக்கும்போது கை நின்றுவிட்டது.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

இது எனக்குப் புதிய செய்தியா என்ன? பிறந்ததிலிருந்து தெரியும். அவளுடைய வங்கிச் சீட்டை நிரப்புகிறவள் நான். மாத்திரை அட்டையில் காலைக்கு ஒரு புள்ளி, இரவுக்கு இரண்டு புள்ளி வைத்துக் கொடுக்கிறவளும் நான்தான். ஆனால் அவள் பஸ்ஸை எண்ணை வைத்துக் கண்டுபிடிப்பாள், தன் பெயரைக் கையெழுத்துப் போடுவாள், என்னுடைய நோட்டைப் பத்து நோட்டுக்கு நடுவில் எடுத்துத் தருவாள். வீட்டுக்குள் அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று தோன்றுவதே இல்லை. அப்படித்தான் மறந்தேன். மறந்துபோய் ஒரு தாளைக் காவலுக்கு நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன்.

போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். அம்மா போனை எப்போதும் ஜன்னல் கம்பியில் ஒரு துணிப்பையில் மாட்டி வைத்திருப்பாள். வீட்டில் இருந்தால் இரண்டாவது மணியில் எடுத்துவிடுவாள். மூன்றாவது முறையும் எடுக்கவில்லை. குழாய்க்குள் கிடக்கும் அந்த வெள்ளைக் குருணை என் கண்முன் நின்றது. அதன்மேல் அம்மா என்ன ஊற்றுவாள் என்பதும் தெரியும். அடைப்பு என்றால் ஆசிட், ஆசிட் இல்லையென்றால் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். ஆசிட்டை நான்தான் நிறுத்திவிட்டேனே.

மேல்வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரி. கம்ப்யூட்டர் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. தண்ணீர் மோட்டார் போடச் சொல்வதற்காக அவள் எண்ணை வைத்திருந்தேன். அழைத்தேன்.

"மீட்டிங்ல இருக்கேனுங்க. அஞ்சு நிமிசம் கழிச்சுக் கூப்புடட்டுமா?" என்று கிசுகிசுத்தாள்.

"வேணாம், இப்பவே கீழ போங்க. எங்கம்மா என்ன பண்றாங்கன்னு பாருங்க. போனைக் கட் பண்ணாதீங்க."

என் குரல் அவளைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு தட்டும் சத்தம். பிறகு அம்மாவின் குரல், எங்கோ உள்ளேயிருந்து: "யாரும்மா அது? உள்ள வராத, வழுக்கும்."

உயிர் வந்தது. அந்த உயிர் ஒரு நொடிதான் நின்றது.

"அய்யோ, என்னங்கம்மா மொகமெல்லாம் செவந்து கெடக்குது?"

"ஒண்ணியும் இல்ல. சுடுதண்ணி ஊத்துனா எறங்கும்னு ஊத்துனேன். பொசுக்குனு பொங்கி மூஞ்சில அட்ச்சிச்சி. கண்ணு மட்டும் கொஞ்சம் எரியுது."

எத்தனை நேரம் ஆகிறது என்று கேட்கச் சொன்னேன். இப்போதுதான் என்றாள் அம்மா. முந்தானையால் துடைத்துக்கொண்டு, தேங்காய் எண்ணெய் தேடிக்கொண்டிருந்தாளாம்.

காஸ்டிக் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே படம் போட்டுக் காட்டுவார்கள். ஆசிட் மேலோடு சுடும். இது உள்ளே உள்ளே இறங்கும். வலி குறைந்த பிறகும் இறங்கும். கருவிழி வெந்த முட்டைபோல் வெளுத்துவிடும். அந்தப் படத்தில் இருந்த கண் யாருடையது என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

"வெளிய கூட்டிட்டு வாங்க," என்றேன். "குளியலறைல வேணாம். அந்தத் தண்ணி எறங்காது, அதுலயும் காஸ்டிக் கெடக்கு. வாசல்ல வண்டி கழுவுற டியூப் இருக்குல்ல, அதைத் தொறந்து கண்ணுல விடுங்க. இமையை விரலால விரிச்சுப் புடிங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

"கண்ணைத் தொறக்க மாட்டேங்கறாங்க."

"மூடுனாலும் விரிங்க. விடாதீங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டு எங்கோ வைத்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கூடத்தின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று எட்டு. என் முதுகுக்குப் பின்னால், கண் கழுவுவதற்கென்றே வைத்திருக்கும் குழாய் பளபளவென்று நின்றது. அதை யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

"இன்னாடி இது? ஆபீஸ்ல வேலை இல்லியா உனுக்கு?" அம்மா தண்ணீருக்கு நடுவே கத்தினாள். "பொடவ ஃபுல்லா நனஞ்சி போச்சி. தெருவே பாக்குது."

"பாக்கட்டும்மா. கண்ணை மூடாதே."

தெரு பார்க்கத்தான் செய்தது. எதிர்வீட்டு அக்காவின் குரல் கேட்டது. "இன்னாத்துக்குக் கண்ணுல தண்ணி ஊத்துறீங்கோ? கொப்பளம் கண்டுக்கும்! மூணாவது ஊட்டுல கொயந்த பெத்தவ கீறா. தாய்ப்பால் ரெண்டு சொட்டு வுட்டா எரிச்சல் பூடும். இட்டாறவா?"

"யாரையும் கூட்டியாராதீங்க அக்கா!" என்று நான் போனில் அலறியதில், பக்கத்து மேசையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

பிறகு மேல்வீட்டுப் பெண்ணே ஒன்று சொன்னாள். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. "ஏனுங்க, காஸ்டிக்னா காரம்தானுங்களே, காரத்தை முறிக்கறது அமிலம்னுதானே படிச்சிருக்கோம்? எலுமிச்சம்பழம் இருக்குது. ரெண்டு சொட்டுப் புழியலாங்களா?"

படித்தவள் சொல்கிறாள். நானும் படித்தவள்தான். பாதி படித்ததை வைத்து ஒரு கண்ணை எடுத்துவிட முடியும் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. "வேண்டாம். தண்ணி மட்டும். வேற எதுவும் வேண்டாம்," என்றேன். என் வாயிலிருந்து வந்த குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

ஒன்பது நிமிடம் ஆனபோது தண்ணீர்ச் சத்தம் மெலிந்தது. பிறகு சொட்டுச் சொட்டாக.

"டேங்கு தீந்துபோச்சுங்க!"

மோட்டார் போட்டாலும் தொட்டி ஏறிக் குழாயில் வர நேரமாகும். "ட்ரம்முல இருக்கா பாருங்க," என்றேன். கால் ட்ரம் இருந்தது. அதை மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது, இடைவெளி விட்டு விட்டு. ஒவ்வொரு இடைவெளியிலும் அது உள்ளே இறங்குவதாகத் தோன்றியது. அப்போது எதிர்வீட்டு அக்கா, "தோ, எங்கூட்டுக் கொடத்த எடுத்தாறேன். இருங்கோ" என்றாள். தாய்ப்பால் சொன்ன அதே அக்காதான். குடிக்கப் பிடித்து வைத்திருந்த மெட்ரோ தண்ணீர் மூன்று குடம். ஒரு குடத்தை இடுப்பிலிருந்து இறக்கும் சத்தம், பிறகு அடுத்தது.

"போதும்டி. குடிக்கிற தண்ணி வீணாப்பூது. பாவம் அவ," என்றாள் அம்மா.

"அது கெடக்கட்டும், நீ கண்ணத் தொற" என்று அதட்டினாள் அந்த அக்கா.

பதினொன்று முப்பதுக்கு நிறுத்தச் சொன்னேன். இரண்டு பேரும் அவளை ஆட்டோவில் ஏற்றிக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். எங்கள் மேலாளர் என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

பட்டாபிராமிலிருந்து அம்பத்தூருக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. அன்று இந்துக் கல்லூரி, ஆவடி, அண்ணனூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரயில் வேண்டுமென்றே நிற்பதுபோல் இருந்தது. பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருத்தி பூ கட்டிக்கொண்டிருந்தாள். அவள் விரல்களைப் பார்க்காமலேயே கட்டினாள். கண் இல்லாமல் என் அம்மாவால் எதைச் செய்ய முடியும் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கி, முடிக்காமல் நிறுத்திக்கொண்டேன்.

மருத்துவமனை வராந்தாவில் அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யாருடையதோ ஒரு துப்பட்டா ஈரப் புடவையின்மேல் கிடந்தது. இடது கண் வீங்கி மூடியிருந்தது. கன்னத்தில் நாணய அளவுக்குச் சிவப்புத் திட்டுகள். என்னைப் பார்த்ததும் முதலில் அவள் கேட்டது: "சம்பளம் புடிப்பாங்களா?"

இல்லை என்றேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளே சொன்னாள். "நீ கதவுல ஒரு பேப்பர் ஒட்டியிருந்தியே, அது பத்திரமா கீது. குளிக்கிற எடத்துல தண்ணி பட்டு நனஞ்சிடுமேன்னு எடுத்து உன் சர்ட்டிபிகேட்டு பைல்ல வெச்சிட்டேன். டேப்பு கூட கிழியாம மெதுவா எடுத்தேன்."

எழுத்துள்ள எந்தத் தாளையும் எங்கள் வீட்டில் மிதிக்கக் கூடாது, நனைய விடக் கூடாது. நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அம்மா போட்ட சட்டம் அது. என் பழைய கணக்கு நோட்டுகளைக்கூட அவள் பழைய பேப்பர்காரருக்குப் போட்டதில்லை. அந்தச் சட்டப்படிதான் அவள் என் எச்சரிக்கையைக் காப்பாற்றிவிட்டு, வெந்நீர்க் குண்டானைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். அதில் என்ன எழுதியிருந்தது என்று அப்போது அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லப் பயமாக இருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். மறுபடியும் கண்ணைக் கழுவினார்கள். நர்ஸ் ஒரு சின்னக் காகிதத் துண்டைக் கீழிமையில் தொட்டு எடுத்தார். அந்தக் காகிதம் எனக்குத் தெரியும். நான் தினமும் தண்ணீரில் நனைக்கிற காகிதம். காரம் மிச்சமிருந்தால் நீலமாகும். குனிந்து பார்த்தேன். நீலமாகவில்லை.

பிறகு பார்வை பார்க்கும் அறை. ஓர் இளைஞர் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, வலது கண்ணை ஓர் அட்டையால் மூடினார். எதிர்ச் சுவரில் விளக்கு எரியும் பலகை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்னவை.

"மேல இருக்கறதைச் சொல்லுங்கம்மா."

அம்மா பேசவில்லை.

"மொத எழுத்தும்மா. தெரியுதா?"

அவள் வீங்கிய கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். அதிலிருந்து தண்ணீர் வழிந்தது. உதடு அசையவில்லை. அவளுக்குத் தெரியவில்லையா, படிக்கத் தெரியவில்லையா? அந்த மௌனத்தில் இரண்டுக்கும் ஒரே சத்தம்தான். "அவங்களுக்குப் படிக்கத் தெரியாது" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம். அந்நியர் எதிரே அம்மா குன்றிப்போவாளே என்று சொல்லாமல் நின்றேன். இன்னொரு காரணமும் உண்டு. சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் அவள் பேசாமல் இருந்தால்? அதைத் தாங்கும் தெம்பு என்னிடம் இல்லை.

அம்மா என் பக்கம் கையை நீட்டி மணிக்கட்டைப் பிடித்தாள். மெதுவாகக் கேட்டாள்: "எயுத்து பேரத்தான் சொல்லணுமா, எப்டி கீதுன்னு சொன்னா போதுமா?"

"எப்படி இருக்கு, சொல்லுங்க," என்றார் அவர்.

"மூடி இல்லாத பொட்டி மாறி கீது."

பலகையின் உச்சியில் பெரிய 'ப' இருந்தது.

"அதுக்குக் கீழ?"

"அதே பொட்டிதான். ஒரு பக்கம் ஒடஞ்சி வுயுந்திருக்கு."

'ட'. அந்த இளைஞர் பலகையை மாற்றினார். கோடுகள் நான்கு திசையிலும் திரும்பியிருக்கும் இன்னொரு பலகை. ஒவ்வொரு குறியும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரலால் காட்டச் சொன்னார். அம்மா காட்டினாள். மேல், கீழ், வலம், இடம். கடைசி இரண்டு வரிகளில் மட்டும் விரல் தடுமாறியது.

கருவிழியின் மேல்தோல் உரிந்திருக்கிறது, ஆறிவிடும், நாளைக்கும் வர வேண்டும் என்றார் டாக்டர். உடனே கழுவியது யார் என்று கேட்டார். அம்மா என்னைக் காட்டினாள். "என் பொண்ணுதான், போன்லயே" என்று அந்த ஒற்றைக் கண்ணால் சிரித்தாள். டாக்டர் என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டைக் கையில் வாங்க முடியாமல் நான் தரையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டாள். "வாயால சொல்லியிருக்கலாமே," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்தான். ரேஷன் கடை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

மறுநாள் காலை அடைப்பு எடுப்பவர் ஒருவரை வரவழைத்தேன். அவர் ஜல்லடையைக் கழற்றக் குனிந்ததும், "அண்ணே, கை வைக்காதீங்க. உள்ளே மருந்து கெடக்கு. நான்தான் போட்டேன்," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கை வெக்கிறதுக்கு மின்னாடி சொன்ன மொத ஆளு நீதாம்மா," என்றார். முழங்கைக்குக் கீழே தோல் இரண்டு நிறமாக இருந்ததைக் காட்டினார். "மத்தவங்கல்லாம் நான் கத்துனப்புறம்தான் சொல்வாங்கோ."

நிறையப் பச்சைத் தண்ணீரை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே இருந்தோம். பிறகு அவர் கையுறை போட்டுக்கொண்டு, வெளியே கழிவுநீர்ச் சேம்பர் மூடியைத் திறந்து அந்தப் பக்கத்திலிருந்து நீளமான ஸ்பிரிங் கம்பியை விட்டார். முடிக்கற்றை, சோப்புச் சக்கை, இரண்டு ஷாம்பூ பாக்கெட்டு. அவ்வளவுதான். தண்ணீர் சலசலவென்று இறங்கியது. இதற்காகவா என்று இருந்தது.

இப்போது எங்கள் வீட்டில் ஆசிட்டும் இல்லை, குருணையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஜல்லடையைக் கழற்றி, வளைத்த கம்பியால் முடியை இழுத்துப் போடுகிறேன். தேங்கினால் ரப்பர் பம்ப்பை வைத்து அழுத்துகிறேன். அலுப்பான வேலை. யாரும் இதற்காக வேதியியல் படிக்க வேண்டியதில்லை.

அம்மாவுக்குப் பார்வை சரியாகிவிட்டது. ஊசியில் நூல் கோக்கிறாள், பிசிறு வெட்டுகிறாள். ஆனால் எதையாவது ஊற்றும் முன் என்னைக் கேட்கிறாள். வெறும் துணி அலசின தண்ணீரையும்கூட. "இத்த ஊத்தலாமாடி?" என்று குளியலறை வாசலில் வாளியோடு நிற்கிறாள். ஊற்றலாம் என்கிறேன். அப்படியும் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டுதான் ஊற்றுகிறாள். அவள் அப்படித் திரும்புவதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நான் போய் வாளியை வாங்கி, அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, நானே ஊற்றுகிறேன். ஊற்றும்போது என் கண்களும் தாமாகவே மூடிக்கொள்கின்றன.